ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கப் படைத்தளத்துக்கு (பேஸ்) கைக்குழந்தையோடு போகலாமா என்று கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கணவர் அமெரிக்கத் தரைப்படையில் சார்ஜென்ட். ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் போஸ்டிங் வந்திருக்கிறது. மகளுக்கு நான்கு மாதம். அங்கே கைக்குழந்தையோடு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், "இல்லையென்றால் அவர் தனியாகப் போகட்டும், நான் கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் இருந்துவிடவா" என்று சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது. அவர் பயிற்சிக்கோ போலந்துக்கோ போய்விட்ட ஒரு ராத்திரியில், மொழி தெரியாத ஊரில், காய்ச்சலில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தியாகச் சமாளிப்பேனா என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கே பதில் சொல்கிறேன். பெட்டியில் என்ன வைப்பது என்பது போகிற போக்கில் வந்துவிடும்.

நான் வேலூரில் நர்சிங் படித்தவள். கணவர் படையில் இருந்ததால் அதே கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியில், லாண்ட்ஸ்டூல் அருகே ஒரு கிராமத்தில் 8 வருடம் இருந்தேன். அதில் 6 வருடம் படைக்குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், பிறந்த குழந்தைகளையும் தாய்மாரையும் பார்க்கும் நர்ஸ் வேலை. என் இரண்டாவது மகன் அங்கேதான் பிறந்தான். குழந்தை, தாய், வீடு பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். பாஸ்போர்ட், குடியுரிமை, சம்பளப் படி பற்றிச் சொல்வது நான் வாழ்ந்து தெரிந்துகொண்டது மட்டுமே. அதற்கு பேஸில் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒகினாவா, கொரியா போஸ்டிங்குகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

என் அபிப்பிராயம், போங்கள். ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று கணக்கு. ஜெர்மனியில் குடும்பத்தோடு போனால் 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம் என்பதுதான் வழக்கமான போஸ்டிங் காலம். நீங்கள் கோவையில் இருந்தால் அவர் ஒரு வருடம் முன்னதாகத் திரும்பலாம். ஆனால் அந்த 24 மாதத்தில் மகள் தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கிவிடுவாள். இரண்டாவது, "கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்" என்ற அனுமதி. குடும்பத்தை அழைத்து வரப் படை ஒப்புக்கொண்டது என்பதன் அடையாளம் அது. அது இல்லாமல் சொந்தச் செலவில் போய்ச் சேர்ந்தால் வீட்டுப் படி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றிலும் இடிக்கும். அனுமதிக்கு முன் குடும்பத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, நான்கு மாதக் குழந்தைக்கும் சேர்த்து. அதற்குத் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இன்றே பதிவு செய்யுங்கள்.

உங்களிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது என்றால், டிக்கெட் பேச்சு எடுப்பதற்கு முன் விசா தேவையா என்று படையின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். உத்தரவின்பேரில் கணவரோடு வெளிநாட்டில் வசிக்கும் காலத்தை அமெரிக்காவில் வசித்ததாகவே எண்ணும் விதி 2008 முதல் இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தை அங்கிருந்தே முடித்தவர்களும் உண்டு. மகளுக்குப் படை வாங்கித் தரும் கட்டணமில்லாப் பாஸ்போர்ட் ஒன்று, சொந்தப் பயணத்துக்குச் சாதாரணப் பாஸ்போர்ட் ஒன்று என இரண்டும் இருக்கட்டும். இந்திய விசா விஷயத்தையும் முன்கூட்டியே முடித்து வையுங்கள். ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று ராத்திரி போன் வரும்போது அமெரிக்கக் குடிமகளான கைக்குழந்தைக்கு விசா தேடி ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைசர்ஸ்லாட்டர்ன் பகுதி நீங்கள் நினைக்கிற அளவு அந்நியமான இடம் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பதில் மிகப்பெரிய அமெரிக்கப் படைச் சமூகம் அது. படையினர், சிவில் ஊழியர், குடும்பங்கள் எல்லாம் சேர்த்து 50,000 பேருக்கு மேல். ஊர்ப்பெயரைச் சொல்ல முடியாமல் "கே டவுன்" என்பார்கள். ராம்ஸ்டைன் விமானத்தளம், லாண்ட்ஸ்டூல் ராணுவ ஆஸ்பத்திரி, கமிசரி மளிகைக் கடை, அமெரிக்கப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் உண்டு. மூன்று வருடமும் பேஸ் வாயிலுக்கு உள்ளேயே வாழ்ந்து, ஒரு ஜெர்மன் வார்த்தை கூடத் தெரியாமல் திரும்பியவர்கள் ஏராளம். வாழ முடியும். ஆனால் வீடு பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே ஒரு கிராமத்தில்தான் கிடைக்கும். அதனால் பகலில் நீங்கள் இருப்பது ஜெர்மனியில், கடைக்கும் டாக்டருக்கும் போவது அமெரிக்காவுக்கு, சமையலறையிலும் வாட்ஸப்பிலும் கோயம்புத்தூர்.

எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த மூன்றைப் பற்றித்தான். வேலையில் நான் பார்த்த ஆபத்துகளில் பாதிக்கு மேல் ஜெர்மனியால் வந்தவை அல்ல, தாயின் அனுபவக் குறைவால் வந்தவையும் அல்ல. மூன்று ஊர் அளவுகள் ஒரே சமையல் மேடையில் கலந்ததால் வந்தவை.

பால் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டப்பாவில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 2 அவுன்ஸ் தண்ணீர், அதாவது 60 மில்லி. ஜெர்மன் டப்பாவில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 30 மில்லி. நம் ஊர் டப்பாவிலும் 30 மில்லிதான். கமிசரியில் உங்கள் பிராண்டு தீர்ந்துபோய், கிராமத்துக் கடையில் ஜெர்மன் டப்பா வாங்கி, கை பழக்கத்தில் 60 மில்லி ஊற்றினால் பால் பாதியாக நீர்த்துப்போகும். குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும், எடை ஏறாது. உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். மறுபக்கம், ஊரிலிருந்து வந்த பாட்டி அமெரிக்க டப்பாவில் தன் பழக்கப்படி கரண்டிக்கு 30 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும். அது சிறுநீரகத்துக்குப் பாரம், மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு. ஒரு வீட்டில் மூன்று வாரமாகக் குழந்தை எடை ஏறவில்லை என்று பயந்துபோய் என்னென்னவோ ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். நான் செய்தது, "ஒரு பாட்டில் கலந்து காட்டுங்கள்" என்று கேட்டது மட்டும்தான். கரண்டியும் டப்பாவுக்கு டப்பா வேறு என்பதால் பழைய டப்பா தீர்ந்ததும் அதன் கரண்டியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நம் வீடுகளில் அது மஞ்சள் தூள் டப்பாவுக்குள் போய்விடும், அதையும் செய்ய வேண்டாம்.

காய்ச்சல் மருந்து இதைவிட மோசம். அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்பதும் நாம் பாராசிட்டமால் என்பதும் ஒன்றுதான். அமெரிக்கக் குழந்தை மருந்தில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லியில் 32. இந்தியாவிலிருந்து வரும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்க டாக்டர் இரண்டரை மில்லி கொடுங்கள் என்று சொன்னதை இந்தியப் பாட்டிலிலிருந்து எடுத்தால் குழந்தைக்குள் போவது மூன்று மடங்கு. அது ஈரலைக் கெடுக்கும் அளவு. ஜெர்மன் மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையைக் கொடுப்பார்கள், 75 மில்லிகிராம், 125 மில்லிகிராம் என்று. அதில் தப்பில்லை, அங்கே அதுதான் வழக்கம். ஆனால் வாய்வழி ஒன்று, ஆசனவாய்வழி ஒன்று என்று இரண்டையும் கொடுத்துவிட்டு "வேறு வேறு மருந்துதானே" என்று நினைத்த தாயும் உண்டு. வீட்டில் ஒரே நாட்டின் காய்ச்சல் மருந்து மட்டும் இருக்கட்டும். உங்கள் டாக்டர் பேஸில் இருந்தால் அமெரிக்க மருந்து. அம்மா பெட்டியில் கொண்டுவரும் சொட்டு மருந்தை அன்போடு வாங்கி, திரும்பிப் போகும்போது அதே பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.

தெர்மாமீட்டரும் அப்படித்தான். ஃபாரன்ஹீட்டில் 100.4 என்பது செல்சியஸில் 38. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த எண் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அவளுக்கு எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறாள் என்பது முக்கியம். பால் குடிக்கிறாளா, டயபர் நனைகிறதா, எழுப்பினால் கண்ணைப் பார்க்கிறாளா, மூச்சு விடும்போது விலாவில் குழி விழுகிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டரைச் செல்சியஸில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ராத்திரி 112-க்கு போன் செய்தால் எடுப்பவர் ஜெர்மன்காரர், "நூற்று இரண்டு" என்றால் அவருக்குப் புரியாது. எடையையும் கிலோவில் தெரிந்து வையுங்கள், மருந்துக் கணக்கு கிலோவில்தான் போடுவார்கள்.

மருத்துவம் என்று பார்த்தால் சாதாரண விஷயத்துக்கெல்லாம் லாண்ட்ஸ்டூல், ராம்ஸ்டைன் கிளினிக்குகள் போதும். சில சமயம் ஜெர்மன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே படைக் குடும்பங்களுக்கு மொழி உதவி செய்ய ஆட்கள் உண்டு, பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டவணையை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். அமெரிக்காவில் ஆறு நோய்களுக்கான ஊசிகளை 2, 4, 6 மாதத்தில் போடுகிறார்கள், ஜெர்மனியில் 2, 4, 11 மாதத்தில். தட்டம்மைத் தடுப்பூசி ஜெர்மனியில் 11 மாதம், அமெரிக்காவில் 12 மாதத்துக்குப் பிறகு. இரண்டும் சரியான முறைதான். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே போங்கள். ஜெர்மன் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதாக இருந்தால், ஒரு வயது ஆனதும் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 2020 மார்ச் முதல் அது சட்டம்.

குளிர்காலம் நம் ஆட்களை அசத்திவிடும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான், அதிலும் சூரியனைப் பார்ப்பது அபூர்வம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் டி கட்டாயம், அதில் விவாதமே இல்லை. தடித்த குளிர்ச்சட்டையோடு காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைத்துப் பட்டி போடாதீர்கள். மோதினால் சட்டை அமுங்கிப் பட்டி தொளதொளவென்று ஆகிவிடும். மெல்லிய உடையில் பட்டியை இறுக்கிவிட்டு மேலே கம்பளியைப் போர்த்துங்கள். கோடையில் காட்டுப்பாதையில் நடந்து வந்தால் உண்ணி இருக்கிறதா என்று குழந்தையின் முடி ஓரம், காதின் பின்புறம், தொடை இடுக்கு பார்க்க வேண்டும். உண்ணி கடித்து வரும் லைம் நோய் எங்கும் உண்டு. பவும்ஹோல்டர் என்ற இன்னொரு அமெரிக்கத் தளம் இருக்கும் பிர்க்கன்ஃபெல்ட் மாவட்டத்தில் மூளைக்காய்ச்சல் தரும் உண்ணிக் கிருமியும் உண்டு. அங்கே வீடு கிடைத்தால் ஒரு வயதுக்குப் பிறகு அதற்கான தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி வீடு. பால்டிமோரிலிருந்து ராம்ஸ்டைனுக்குப் படையே விமானம் விடுகிறது, பெரும்பாலும் அதில்தான் போவீர்கள். போனதும் சில வாரம் பேஸ் ஹோட்டலில் ஒரே அறை. வீட்டுச் சாமான்கள் கப்பலில் வர இரண்டு மாதம் கூட ஆகலாம். சிறு சாமான்கள் தனியாக முன்னால் வரும். தொட்டில், பாட்டில் கழுவும் சாமான், ஒரு குக்கர், ஒரு தோசைக்கல் ஆகியவற்றை அதில் போடுங்கள். மடக்குத் தொட்டில், உயர நாற்காலி, பாத்திரங்களைச் சமூக சேவை அலுவலகத்தில் இரவல் தருவார்கள். முதல் நாளே போய் எழுதி வாங்குங்கள், தாமதித்தால் தீர்ந்துபோகும். ஜெர்மன் வாடகை வீட்டில் துணி அலமாரி இருக்காது, பல வீடுகளில் சமையலறை மேடையும் விளக்கும் கூட இருக்காது. முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம், அலமாரியைப் படையே இரவல் தரும். மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர்போல. இந்தியாவில் வாங்கிய கிரைண்டர், மிக்ஸியை ஒரு சின்ன பிளக் மாற்றியோடு போட்டுவிடலாம், அமெரிக்கச் சாமானுக்குத்தான் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஒரு போஸ்டிங்கிலாவது நம் மிக்ஸிக்கு மரியாதை கிடைக்கிறது.

குழந்தை அழுவதைக் கேட்கும் பேபி மானிட்டரை அமெரிக்காவிலிருந்து கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் டெக்ட் 6.0 வகைக் கருவிகள் பயன்படுத்தும் அலைவரிசை ஜெர்மனியில் கைபேசி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம், அதிகாரிகள் தேடி வந்து, தேடிய செலவுக்கு பில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜெர்மன் கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி 10 முதல் காலை 6 வரையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி நேரம். குழந்தை அழுகைக்கு அது பொருந்தாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி, சலவை இயந்திரம் போட்டால் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், மருந்துக்கடை உட்பட. ஒவ்வொரு ராத்திரியும் ஞாயிறும் சுற்றில் ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும், எது என்று மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். டயபருக்குக் குப்பைத்தொட்டி போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஐந்தாம் நாளே வழியும். கிராம அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், சில ஊர்களில் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தனி டயபர்ப் பை தருகிறார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டதே மூத்தவனுக்கு டயபர் பழக்கம் விட்டுப்போகும் சமயத்தில்தான்.

அம்மா வந்தால் வேறு சில பேச்சும் வரும். அதில் எது உறுதி, எது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, சேனை வைப்பதாக இருந்தாலும் கூடாது. கண்ணுக்கு மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. தூங்கும்போது மல்லாக்க, தட்டையான மெத்தையில், தலையணை இல்லாமல். இந்த மூன்றும் உறுதி. தூளியில் பகலில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மணி நேரம் ஆட்டுவது பற்றி நான் சண்டை போட மாட்டேன். ராத்திரி முழுக்கத் தூளியில் விடுவது வேண்டாம், கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தோல் நன்றாக இருந்தால் கெடுதல் இல்லை, அதனால் எலும்பு உறுதியாகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. கிரைப் வாட்டரால் வயிற்றுவலி தீரும் என்பதும் அப்படித்தான். சாம்பிராணி புகை குழந்தையின் நுரையீரலுக்கு நல்லதில்லை. அதோடு, ஜெர்மனியில் படுக்கையறையிலெல்லாம் புகை அலாரம் சட்டப்படி இருக்கும். என் மாமியார் ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பிராணி போட்டதில் தெருவே வெளியே வந்து நின்றது. அதற்குப் பிறகு அவரே அதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். ஜெர்மனியில் இருக்கும் பிரிவுகள் அடிக்கடி பயிற்சிக்கும், போலந்து, பால்டிக் நாடுகளுக்கும் போய் வரும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அது கூடியிருக்கிறது. அவர் இருக்கமாட்டார் என்பதை நடக்கலாம் என்று அல்லாமல் நடக்கும் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். அதற்கு முதல் தேவை கார் ஓட்டும் உரிமம். பேஸில் எழுத்துத் தேர்வு எழுதிப் படையின் ஐரோப்பிய உரிமம் வாங்க வேண்டும், அதற்குக் கையில் செல்லுபடியாகும் அமெரிக்க மாநில உரிமம் இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை என்றால் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்படுவதற்கு முன் அதை வாங்குங்கள். கிராமத்துப் பேருந்து மணிக்கு ஒன்று, ஞாயிறு அதுவும் இல்லை. கார் ஓட்டத் தெரியாத தாய்மார்தான் அங்கே உடைந்துபோனார்கள், மொழி தெரியாதவர்கள் அல்ல. இதை நான் சந்தேகமில்லாமல் சொல்வேன்.

அடுத்தது பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்திட அவர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். வாடகை ஒப்பந்தம், கார்ப் பதிவு, வங்கி எல்லாம் அவர் பேரில் இருக்கும். அவர் கிளம்பிய பிறகு கையெழுத்து கேட்டால் நீங்கள் நிற்கவேண்டியதுதான். சட்ட உதவி அலுவலகத்தில் அரை மணி நேர வேலை, காசும் இல்லை. பிறகு, அவர் போனால் பிரிவில் பின்னால் இருக்கும் பொறுப்பாளர் யார், அவர் எண் என்ன என்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வீட்டில் அவசரம் என்றால் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அவருக்குச் செய்தி போகும், அதற்கு அவருடைய முழுப்பெயர், பிரிவு, பிறந்த தேதி உங்களிடம் எழுதி இருக்க வேண்டும். பதற்றத்தில் கணவரின் பிரிவு எண்ணை மறந்துபோன மனைவிகள் நிறைய. நானும் ஒருமுறை மறந்தேன்.

அவருக்கு இன்னொரு விஷயம் நினைவூட்டுங்கள். 2022 டிசம்பர் இறுதி முதல், குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் தந்தைக்கும் 12 வாரப் பெற்றோர் விடுப்பு உண்டு. நான்கு மாதத்தில் அவர் முழுவதையும் எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மிச்சத்தைப் பிரித்து, ஜெர்மனி போய் வீடு பிடிக்கும் வாரங்களில் கொஞ்சமாவது எடுக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் இப்போதே பேசட்டும்.

குழந்தைகள் காப்பகத்தை நம்பி வேலைத் திட்டம் போடாதீர்கள். பேஸ் காப்பகத்தில் 6 வாரக் குழந்தையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, தரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் கைக்குழந்தை அறையில்தான் இடம் குறைவு, காத்திருப்புப் பட்டியல் நீளம். நீங்கள் வேலைக்குப் போகாதவர் என்றால் வரிசையில் பின்னால்தான். இணையத்தில் பதிவு செய்ய ஜெர்மனி போய்ச் சேர வேண்டியதில்லை, உத்தரவு வந்ததுமே செய்யலாம்.

நான் செய்த வேலை இருக்கிறதே, புதுப் பெற்றோர் ஆதரவுத் திட்டம், அதில் சேருங்கள். மூன்று வயது வரை குழந்தை இருக்கும் வீட்டுக்கு நர்ஸோ சமூகப் பணியாளரோ வந்து போவார்கள், இலவசம். அவர்கள் வீட்டைச் சோதனை போட வருகிறார்கள் என்று நம் பெண்கள் பலர் தட்டிக் கழிக்கிறார்கள். சில வீடுகளில் நான் வருவதற்கு முன்னால் சிங்க் பளபளவென்று தேய்த்திருப்பார்கள், தாயின் கண் மட்டும் மூன்று நாள் தூங்காத கண்ணாக இருக்கும். நாங்கள் பார்ப்பது கண்ணைத்தான். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வை அளக்க எடின்பரோ கேள்வித்தாள் என்று பத்துக் கேள்விகள் உண்டு, 1987-இலிருந்து உலகம் முழுக்கப் பயன்படுவது. அதில் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "எப்போதாவது" என்று தோன்றினாலும் அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும். சாதாரண அழுகை, எரிச்சல், தனிமைக்கு பேஸில் குடும்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கணவரின் கோப்பில் எதுவும் ஏறாது. "அவர் பதவி உயர்வு பாதிக்குமே" என்று வாய் மூடி இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் அவர் கிளம்பிய முதல் வாரம் கஷ்டம் தெரியாது. எல்லோரும் போன் செய்வார்கள், சாப்பாடு கூட வரும். மூன்றாவது வாரத்தில்தான் இறங்கும். எனக்கு அந்த மூன்றாவது வாரம் ஒரு நவம்பரில் வந்தது. மகனுக்கு ஆறு மாதம், நான்கு மணிக்கே இருட்டு. எதிர்வீட்டுக் கிழவி ஒருவர், இரண்டு வருடமாகத் தலையை மட்டும் அசைத்தவர், வந்து கதவைத் தட்டி, அவன் காலுறை போடாமல் இருக்கிறான் என்று ஜெர்மனில் கத்தினார். அழுதே விட்டேன். மறுநாள் பின்னல் காலுறை இரண்டு ஜோடி கதவில் தொங்கியது. அந்தக் கிழவிதான் என்னைத் தேவாலயக் கூடத்தில் நடக்கும் கிராபல்குருப்பேக்குக் கூட்டிப்போனார். தவழும் குழந்தைகளைத் தரையில் விட்டுவிட்டுத் தாய்மார் காபி குடிக்கும் கூட்டம் அது, ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. மொழி தேவைப்படவில்லை. பல் முளைப்பதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் அங்கே போனது எனக்கு எந்த ஆலோசனையையும் விட உதவியது. எல்லாருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன், கூட்டம் பிடிக்காதவர்கள் உண்டு.

கடைசியாக அம்மா விஷயம். ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். பேஸுக்குள் வரும்போதெல்லாம் நீங்கள் கையெழுத்திட்டு அழைத்துச் செல்ல வேண்டும். எல்லோரும் அந்த 90 நாளைப் போய் இறங்கியவுடன் செலவழித்துவிடுகிறார்கள், ஹோட்டல் அறையில் மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை, ஒரு மைக்ரோவேவ் என்று. அப்போது கணவர் உங்களோடு இருப்பார், வீட்டில் தொட்டிலே வந்திருக்காது. அவருடைய பிரிவு எந்த மாதம் வெளியே போகிறது என்று தெரிந்த பிறகு, அவர் கிளம்பி இரண்டாவது வாரத்தில் இறங்கும்படி அம்மாவுக்கு டிக்கெட் போடுங்கள்.